முதலில் திருப்பிக் கட்ட வேண்டாத பணம், அப்புறம்தான் கடன்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் காலேஜ் பீஸ் பற்றித்தான். பொதுத்துறை வங்கியில் 28 வருடம் வேலை பார்த்தவள் நான், அதில் கடைசிப் பல வருடங்கள் கல்விக்கடன் பைல்களோடுதான் போனது. அதனால் இந்த முறை மற்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டு இதை மட்டுமே எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள். எங்கள் வீட்டில் இதுவரை யாரும் கல்லூரி வாசல் மிதித்ததில்லை. ஊரில் ஒருவர், தனியார் இன்ஜினியரிங் கல்லூரியில் மேனேஜ்மென்ட் சீட் வாங்கித் தருகிறேன், இப்போது 50,000 ரூபாய் கட்டினால் போதும், மீதிக்கு பேங்க் லோன் தானாகக் கிடைத்துவிடும் என்கிறார். என் கம்மலையும் சங்கிலியையும் வைத்துக் கட்டலாமா?
– அரூர் பக்கத்திலிருந்து ஒரு தாய்

பதில்: கட்டாதீர்கள் அம்மா. நகை வீட்டிலேயே இருக்கட்டும்.

உங்கள் மகள் கையில் என்ன இருக்கிறது என்று அந்த மனிதர் உங்களிடம் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டில் இன்ஜினியரிங், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடம் தனியாக ஒதுக்கி 2021இல் சட்டமே போட்டிருக்கிறார்கள், மருத்துவத்துக்கு அதற்கு முந்தைய வருடமே வந்துவிட்டது. அந்த ஒதுக்கீட்டில் கவுன்சலிங் மூலம் சேரும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சலிங் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. அதாவது நான்கு வருடப் படிப்பு, பீஸ் என்ற பேச்சே இல்லாமல். அதே பிள்ளை மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்துவிட்டால் இந்த உரிமை அந்த நிமிடமே போய்விடும், பிறகு எந்த அலுவலகத்தில் போய் அழுதாலும் திரும்ப வராது.

7.5இல் அவள் விரும்பும் இடம் கிடைக்கவில்லை, பொதுக் கவுன்சலிங்கில்தான் கிடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் முதல் பட்டதாரி சலுகை இருக்கிறது. 2010-11இலிருந்து இருக்கிற திட்டம்தான், ஆனாலும் ஒவ்வொரு வருடமும் தெரியாமல் விட்டுவிடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். குடும்பத்தில், அண்ணன் அக்கா உட்பட, யாரும் டிகிரி முடிக்கவில்லை என்றால், கவுன்சலிங்கில் எடுத்த தொழிற்படிப்பு இடத்துக்கு டியூஷன் கட்டணத்தில் சலுகை உண்டு. வருமான வரம்பு கிடையாது. சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும், வி.ஏ.ஓ., ஆர்.ஐ. பார்த்து தாலுகா அலுவலகத்திலிருந்து வரும். ரேஷன் கார்டு, டி.சி., மார்க் ஷீட், வீட்டில் யாரும் பட்டதாரி இல்லை என்ற உறுதிமொழி இவ்வளவும் கையோடு எடுத்துப் போங்கள். கவுன்சலிங் நேரத்தில் தாலுகா அலுவலகத்தில் கூட்டம் அலைமோதும், அதனால் இன்றைக்கே போங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள். வருமானச் சான்றிதழையும் அதே நடையில் போட்டுவிடுங்கள், பின்னால் எல்லா இடத்திலும் கேட்பார்கள்.

மூன்றாவது, புதுமைப் பெண் திட்டம். 2022 செப்டம்பரில் தொடங்கியது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்கு மேற்படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே விழும். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதை வாங்கத் தடையில்லை. கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும், அவள் பெயரில் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு இருக்க வேண்டும், இல்லையென்றால் இந்த வாரமே திறந்துவிடுங்கள். (பையன்களுக்கு இதே மாதிரி தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்டிலிருந்து வருகிறது. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இந்த இரண்டும் உண்டு.) நீங்கள் எந்தச் சமூகம் என்று எழுதவில்லை. எஸ்.சி., எஸ்.டி. என்றால், ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் இருக்கிறது, அதையும் கேட்டுப் பாருங்கள். ஆனால் அங்கேயும் மேனேஜ்மென்ட் கோட்டா சீட்டுக்கு இடமில்லை.

பாருங்கள் அம்மா, இவ்வளவும் திருப்பிக் கட்ட வேண்டாத பணம். இதையெல்லாம் எடுத்துக்கொண்ட பிறகு துண்டு விழுந்தால் அதற்கு மட்டும்தான் கடன். அந்த மனிதர் உங்களை நேர் எதிராக நடக்கச் சொல்கிறார், முதலில் நகை, அப்புறம் கடன், இலவசமாகக் கிடைப்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. "லோன் தானாகக் கிடைக்கும்" என்பதும் பொய். மேனேஜ்மென்ட் சீட்டுக்குக் கடன் கொடுப்பதும் கொடுக்காததும் அந்தந்த வங்கியின் விருப்பம், பல கிளைகளில் பைலையே வாங்க மாட்டார்கள். முன்பணத்தைக் கட்டிவிட்டு ஜூலை மாதம் எங்கள் கவுன்டருக்கு முன்னால் கண் கலங்கி நின்ற பெற்றோர் பலரை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பணம் யாருக்கும் சுலபமாகத் திரும்பி வந்ததில்லை.

இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்குப் பதிவு செய்ய மாவட்டம்தோறும் சேவை மையங்கள் இருக்கின்றன, உதவி செய்வார்கள். மகள் எந்தெந்த வகுப்பு எந்தப் பள்ளியில் படித்தாள் என்ற சான்றைத் தலைமை ஆசிரியரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். நடுவில் பள்ளி மாறியிருந்தால் அந்தப் பள்ளிக்கும் ஒரு நடை போக வேண்டியிருக்கும்.

கேள்வி: பையனுக்குக் கவுன்சலிங்கில் நல்ல கல்லூரி கிடைத்திருக்கிறது. நான்கு வருடத்துக்கு ஆறு லட்சம் ஆகும். எங்கள் ஊர் வங்கிக்குப் போனால், "நீங்கள் எங்கள் ஏரியா இல்லை" என்றார்கள். இன்னொரு வங்கியில் நிலப் பத்திரம் கொண்டுவரச் சொன்னார்கள். மூன்றாவது வங்கியில் "அடுத்த வாரம் வாங்க" என்று நான்கு வாரமாகச் சொல்கிறார்கள். எனக்கு ஒன்றரை ஏக்கர்தான், அதையும் வைத்துவிட்டால் என்ன செய்வது?
– மன்னார்குடி வட்டம், ஒரு விவசாயி

பதில்: ஐயா, பத்திரத்தைப் பெட்டியை விட்டு வெளியே எடுக்க வேண்டாம்.

ஏழரை லட்சம் வரைக்கான கல்விக்கடனுக்கு மத்திய அரசின் கடன் உறுதி நிதி இருக்கிறது, 2015இலிருந்து. நாளைக்குக் கொடுத்த கடன் திரும்பி வராமல் போனால் வங்கிக்கு அந்த நிதி பெரும்பகுதியைக் கொடுக்கும். அந்தத் திட்டத்தில் வரும் கடனுக்கு அடமானமும் கேட்கக் கூடாது, மூன்றாம் ஆள் ஷூரிட்டியும் கேட்கக் கூடாது. பெற்றோர் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால் போதும். உங்கள் ஆறு லட்சம் இதற்குள் வருகிறது. நான்கு லட்சத்துக்கு மேல் போவதால் உள்நாட்டுப் படிப்புக்கு 5 சதவீதம் உங்கள் பங்கு என்று கேட்பார்கள், பையனுக்கு ஏதாவது உதவித்தொகை வந்தால் அதையே அந்தப் பங்காகக் காட்டலாம்.

"ஏரியா இல்லை" என்று சொன்னதும் தவறு. கல்விக்கடன் விண்ணப்பத்தை சர்வீஸ் ஏரியா காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012லேயே சொல்லிவிட்டது.

"அடுத்த வாரம் வாங்க" என்பதுதான் எனக்கு மனதை உறுத்துகிறது, ஏனென்றால் அந்த வார்த்தையை நானே சொல்லியிருக்கிறேன். 2000களின் தொடக்கத்தில், கல்விக்கடன் என்பதே புதிதாக இருந்தபோது, ஒரு பெரியவர் மகளின் நர்சிங் படிப்புக்காக வந்தார். மேலே யாரும் தெளிவாக எதுவும் சொல்லாததால் நானும் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று சொல்லி அனுப்பினேன். மூன்றாவது வாரத்துக்குப் பிறகு அவர் வரவில்லை. அந்தப் பெண் படித்தாளா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வாயால் சொல்லும் மறுப்புக்கு எந்தப் பதிவும் இருக்காது என்பதும், எழுத்தில் வந்த விண்ணப்பத்தை அப்படித் தட்டிக்கழிக்க முடியாது என்பதும் எனக்கு அன்றைக்குப் புரிந்தது. அதனால்தான் இதை உங்களுக்கு இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வாயால் கேட்காதீர்கள், பதிவு செய்யுங்கள். வித்யாலட்சுமி என்ற அரசுத் தளத்தில் ஒரே விண்ணப்பத்தில் மூன்று வங்கி வரை தேர்ந்தெடுக்கலாம். பையனே போனில் செய்துவிடுவான், இல்லையென்றால் இ-சேவை மையத்தில் செய்துகொள்ளலாம். விண்ணப்ப எண்ணை எழுதி வைத்துக்கொண்டு, அச்செடுத்த படிவத்தோடு அட்மிஷன் கடிதம், கல்லூரி கொடுத்த பீஸ் விவரம், போனஃபைட் (இங்கே படிக்கிறான் என்று கல்லூரி தரும் சான்று), மார்க் ஷீட், வருமானச் சான்று, இருவரின் ஆதார், பான் எல்லாம் வைத்துக் கிளையில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். அந்த முத்திரைதான் முக்கியம். இந்திய வங்கிகள் சங்கம் கல்விக்கடனுக்காக வகுத்த மாதிரித் திட்டப்படி 15 நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், மறுப்பதென்றால் மேலதிகாரியின் ஒப்புதலோடு காரணத்தைச் சொல்லித்தான் மறுக்க வேண்டும், கிளை மேலாளர் தானாக மறுத்துவிட முடியாது.

ஒரு மாதம் தாண்டினால் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரைப் பாருங்கள், லீட் பேங்க் மேனேஜர் என்று கேட்டால் கலெக்டர் ஆபீசில் காட்டுவார்கள். திங்கட்கிழமை மனு நாளில் கலெக்டரிடமே கொடுக்கலாம், சேர்க்கைக் காலத்தில் மாவட்டங்களில் கல்விக்கடன் முகாம்களும் நடக்கும், அங்கே எல்லா வங்கிக்காரர்களும் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அதற்கும் நகரவில்லை என்றால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம், செலவு ஒன்றும் இல்லை.

இன்னொன்று. பையனின் கல்லூரி பி.எம். வித்யாலட்சுமி பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திட்டம், தரவரிசையில் முன்னால் இருக்கும் 860 நிறுவனங்களோடு தொடங்கியது. அதில் இருந்தால் அடமானமும் ஜாமீனும் இல்லாமல் கடன் உண்டு. குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருந்து வேறு அரசு உதவித்தொகையோ வட்டி மானியமோ வாங்காதவர்களுக்கு, பத்து லட்சம் வரையான கடனில் படிக்கும் காலத்துக்கும் அதன் பிறகு ஓராண்டுக்கும் 3 சதவீத வட்டி மானியம் கிடைக்கும், ஆனால் அது வருடத்துக்கு ஒரு லட்சம் பேருக்குத்தான்.

அப்புறம், கடன் கேட்கும்போது டியூஷன் பீஸை மட்டும் கேட்காதீர்கள். ஹாஸ்டல், பரீட்சைக் கட்டணம், புத்தகம், கம்ப்யூட்டர், பிராஜெக்ட் செலவு எல்லாம் கடனில் வரும். முதலிலேயே சேர்க்காமல் விட்டுவிட்டு மூன்றாம் வருடம் லேப்டாப்புக்காக வட்டிக்காரரிடம் போன குடும்பங்கள் எனக்குத் தெரியும்.

கேள்வி: இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வருடம் ஒரு லட்சம் வீதம் நான்கு லட்சம் கடன், 10 சதவீத வட்டி. படித்து முடித்த பிறகு கட்டினால் போதும் என்றார்கள். ஆனால் வங்கியிலிருந்து வட்டி ஏறியதாக மெசேஜ் வருகிறது. பயமாக இருக்கிறது, இப்போதே கட்ட வேண்டுமா? அப்பா பெயின்டர் வேலை செய்கிறார்.
– திருச்சியிலிருந்து ஒரு மாணவி

பதில்: பயப்படாதே பாப்பா. இப்போது கட்டியே ஆக வேண்டும் என்று இல்லை, ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறது. படிப்புக் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம், அவ்வளவுதான். வட்டிக்கு விடுமுறை கிடையாது என்பதைக் கவுன்டரில் யாரும் விளக்கிச் சொல்வதில்லை.

உன் கணக்கையே போட்டுப் பார்ப்போம். முதல் வருட ஒரு லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி 50,000. இரண்டாவது லட்சத்துக்கு 40,000, மூன்றாவதுக்கு 30,000, நான்காவதுக்கு 20,000. தனிவட்டியாகவே மொத்தம் 1,40,000 ரூபாய். நீ தவணை கட்ட ஆரம்பிக்கும் நாளில் உன் கடன் நான்கு லட்சம் இல்லை, 5,40,000. பத்து வருடத்தில் கட்டினால் மாதம் ஏறக்குறைய 7,140 ரூபாய் வரும். அந்த வட்டி ஏறாமல் நான்கு லட்சமாகவே இருந்திருந்தால் 5,290க்குள் முடிந்திருக்கும்.

இந்த 1,40,000 ரூபாயை அரசே கட்ட ஒரு வழி இருக்கிறது. குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்து, கல்லூரிகளின் தரத்தைப் பார்க்கும் நாக் அல்லது என்.பி.ஏ. அமைப்பின் அங்கீகாரம் உள்ள இடத்தில் தொழிற்படிப்பு படித்தால், படிப்புக் காலம் மற்றும் அந்த ஒரு வருடத்துக்கான வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் 2009-10இலிருந்து இருக்கிறது. வட்டி மானியம் என்று கேட்டால் வங்கியில் தெரியும். அப்பாவின் வருமானம் நிச்சயம் இதற்குள்தான் இருக்கும். நாளைக்கே கிளைக்குப் போய் ஒரே கேள்வி கேள்: "என் கணக்குக்கு வட்டி மானியம் கேட்டு அனுப்பியிருக்கிறீர்களா?" இல்லை என்றால் வருமானச் சான்றிதழைக் கொடுத்து, அனுப்பச் சொல்லி எழுதிக் கொடு. தகுதி இருந்தும் அந்த ஒரு சான்றிதழைக் கொடுக்காததால் மானியம் போன பிள்ளைகளை எண்ணினால் எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கும். நடுவில் படிப்பை நிறுத்தினால் மானியம் போய்விடும், அதையும் மனதில் வைத்துக்கொள்.

மானியம் கிடைக்காது என்று ஆகிவிட்டால் மட்டும், முடிந்த அளவு வட்டியை மாதாமாதம் கட்டப் பார். முதல் வருடம் 833 ரூபாய், இப்போது 1,667 அளவில் இருக்கும். படிக்கும்போதே வட்டியை ஒழுங்காகக் கட்டுகிறவர்களுக்கு ஒரு சதவீதம் வரை வட்டிக் குறைப்பு கொடுக்கவும் மாதிரித் திட்டத்தில் இடமிருக்கிறது, மாணவி என்பதால் பல பொதுத்துறை வங்கிகளில் அரை சதவீதம் தனியாகக் குறைப்பார்கள், உனக்குக் குறைத்திருக்கிறார்களா என்று சாங்ஷன் கடிதத்தில் பார். ஆனால் அப்பா சாப்பாட்டுச் செலவைக் குறைத்து இதைக் கட்ட வேண்டாம், அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

கேள்வி: அப்பா வாங்கிய டிராக்டர் கடன் நிலுவையில் போய், பிறகு ஒரு தொகையில் பேசி முடித்தோம். இப்போது சிபிலை (கடனை எப்படிக் கட்டினோம் என்ற பதிவு) காட்டித் தங்கைக்குக் கல்விக்கடன் இல்லை என்கிறார்கள்.
– பெரம்பலூரிலிருந்து ஓர் அண்ணன்

பதில்: பேசி முடித்த கடன் சிபிலில் "செட்டில்டு" என்று நிற்கும். முழுதாகக் கட்டி முடித்தது என்று காட்டாது. வங்கிக்காரர் பார்ப்பது அதைத்தான். முதலில் அந்த வங்கியில் நோ டியூ சர்டிபிகேட் வாங்குங்கள். மீதித் தொகை சிறியதாக இருந்தால் கட்டி, பதிவை மாற்றச் சொல்லலாம். அதற்கு நேரமில்லை என்றால் அம்மாவைக் கூட்டுக் கடன்தாரராக வைத்து விண்ணப்பியுங்கள், அம்மா பெயரில் கறை இல்லையே. நீங்கள் சம்பளத்தில் இருந்தால் உங்களைச் சேர்க்க முடியுமா என்றும் கேளுங்கள் தம்பி. கேரள உயர் நீதிமன்றம் 2023இல், மாணவரின் சிபில் மதிப்பெண் குறைவு என்பதற்காகக் கல்விக்கடனை மறுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. நம் கிளை மேலாளரை அது நேரடியாகக் கட்டுப்படுத்தாது, ஆனாலும் உங்கள் கோரிக்கைக் கடிதத்தில் குறிப்பிடுவதில் தவறில்லை. தங்கை முதல் பட்டதாரி என்றால் அந்தச் சலுகையை எடுத்தாளா? கடிதத்தில் அது இல்லை. எடுத்தால் கடன் தொகையே குறையும், குறைந்த தொகைக்கு வங்கியும் அவ்வளவு தயங்காது.

கேள்வி: ஒரு கலைக் கல்லூரியில் சேர்ந்து பணம் கட்டினேன். பத்து நாளில் வேறு கல்லூரியில் இடம் கிடைத்தது. பணமும் தர மாட்டோம், சான்றிதழும் தர மாட்டோம் என்கிறார்கள்.
– விருதுநகர் மாணவர்

பதில்: அசல் சான்றிதழை வைத்துக்கொள்ள எந்தக் கல்லூரிக்கும் உரிமை இல்லை, சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். பணத்துக்குப் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2018இல் அறிவித்த கணக்கு இருக்கிறது: சேர்க்கைக்கான கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னால் விலகினால் முழுத் தொகை, அதில் கழிக்கிற செலவு 5,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. கடைசித் தேதிக்கு முன், ஆனால் 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம், தேதி முடிந்த 15 நாளுக்குள் 80, ஒரு மாதத்துக்குள் 50, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அதனால் ஒவ்வொரு நாளும் பணம்தான் தம்பி. விலகல் கடிதத்தை இன்றே ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிட்டு, கல்லூரி சேர்ந்திருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் யு.ஜி.சி.க்கும் புகார் போடுங்கள்.

கேள்வி: வேலைக்குச் சேர்ந்து கல்விக்கடன் தவணை கட்டுகிறேன். வருமான வரியில் சலுகை உண்டா?
– ஓசூர் வாசகர்

பதில்: உண்டு, 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 80இ பிரிவு. வட்டிக்கு மட்டும், அசலுக்கு இல்லை. உச்சவரம்பு கிடையாது, கட்டத் தொடங்கிய ஆண்டிலிருந்து எட்டு ஆண்டு வரை. ஆனால் பழைய வரி முறையில் மட்டும்தான். புதிய முறையில் இருந்தால் இரண்டையும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: படித்து முடித்து இரண்டு வருடமாகச் சரியாகக் கட்டி வந்தேன். மூன்று மாதம் முன்பு வேலை போய்விட்டது. இரண்டு தவணை கட்டவில்லை. வசூல் ஆட்கள் அம்மாவுக்குப் போன் செய்து மிரட்டுகிறார்கள். வீட்டில் யார் முகத்திலும் விழிக்க முடியவில்லை.
– கடலூர் மாவட்ட வாசகர்

பதில்: தம்பி, முதலில் நீங்கள் எந்தக் குற்றமும் செய்யவில்லை. படிப்புக்கு வாங்கிய கடன், இரண்டு வருடம் நாணயமாகக் கட்டியவர் நீங்கள். இதை அம்மாவும் கேட்கும்படி சத்தமாகப் படியுங்கள்.

இப்போது நாள் முக்கியம். தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும், அதற்குப் பிறகு எதுவும் செய்வது கடினம். நீங்கள் இரண்டு தவணையில் இருக்கிறீர்கள், இன்னும் சில வாரம் இருக்கிறது. வேலையிலிருந்து நிறுத்திய கடிதத்தை எடுத்துக்கொண்டு கிளை மேலாளரை நேரில் பாருங்கள். வேலையில்லாத காலத்துக்கு ஆறு மாதம் வரை தவணையைத் தள்ளிவைக்க வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்திலேயே வழி இருக்கிறது, கடன் காலத்தில் இரண்டு மூன்று முறைகூடக் கொடுக்கலாம். கடன் காலத்தை 15 வருடம் வரை நீட்டித்துத் தவணையைக் குறைக்கவும் கேட்கலாம். வங்கி இதை உங்களுக்குத் தானாக வந்து தராது, நீங்கள்தான் எழுதிக் கேட்க வேண்டும். கையில் 500 ரூபாய் இருந்தாலும் அதைக் கணக்கில் கட்டிவிட்டுப் போய்ப் பேசுங்கள், கட்டும் எண்ணம் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி.

வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது, மிரட்டவே கூடாது என்று ரிசர்வ் வங்கி உத்தரவு இருக்கிறது. அம்மாவுக்கு வந்த அழைப்புகளின் எண், தேதி, நேரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி, மேலாளரைப் பார்க்கப் போகும்போது விண்ணப்பத்தோடு சேர்த்துக் கொடுங்கள், இரண்டின் நகலிலும் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அவர் வாங்க மறுத்தால் அன்று மாலையே எனக்கு எழுதுங்கள், அடுத்து யாருக்கு எப்படி எழுத வேண்டும் என்று கடிதத்தையே தயார் செய்து அனுப்புகிறேன்.